குன்னூரில் 95 டிகிரி கிடையாது

என் வீட்டுப் பின்புறத்தில் மூன்று வருஷமாக ஒரு கரி ஸ்மோக்கர் நிற்கிறது. மேட்டுப்பாளையத்தில் ஒரு வெல்டிங் பட்டறையில் 200 லிட்டர் இரும்பு டிரம்மை அறுத்துச் செய்து, வாடகை டெம்போவில் குன்னூருக்கு ஏற்றி வந்தது. கூடவே ஆன்லைனில் வாங்கிய ஒரு வயர்லெஸ் தெர்மாமீட்டர். டிரம்முக்கு ஆன செலவைவிட தெர்மாமீட்டருக்கு ஆன செலவு அதிகம். அதை வீட்டில் இன்னும் முழுசாகச் சொல்லவில்லை.

இந்தக் கட்டுரை அந்தத் தெர்மாமீட்டர் மீதான விமர்சனம். வாங்கலாமா, எத்தனை நட்சத்திரம் என்கிற ரகம் அல்ல. என்னிடம் இருப்பது நல்ல கருவிதான். ஒரு முறைகூட தப்பான எண்ணைக் காட்டியதில்லை. அப்படியிருந்தும் அதை வைத்துக்கொண்டு நான் மூன்று தப்பு செய்தேன். மூன்றாவது தப்பில் என் அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வேண்டி வந்தது. எண் சரியாக இருந்தும் ஆள் எப்படித் தப்பாகப் போக முடியும் என்பதுதான் என் கேள்வி.

முதலில் விஷயம் தெரியாதவர்களுக்கு. ஸ்மோக்கர் என்பது தீயில் வாட்டுகிற அடுப்பு அல்ல. கீழே கரி கனன்றுகொண்டிருக்கும். காற்றுத் துளைகளைக் கிட்டத்தட்ட மூடி, உள்ளே 105 முதல் 120 டிகிரி வரை (இங்கே எல்லாமே செல்சியஸ்தான்) வைத்திருப்பார்கள். மேலே பெரிய இறைச்சித் துண்டு. எட்டு மணி நேரம், பத்து மணி நேரம் ஆகும். அந்த நேரத்தில் இறைச்சியில் இருக்கிற கொலாஜன் என்னும் விறைப்பான நார்ப்புரதம் இளகி ஜெலட்டின் ஆகிறது. நம்ம ஊர் ஆட்டுக்கால் பாயா இரவெல்லாம் அடுப்பில் இருந்து பிசுபிசுவென்று ஆவதும் இதே கதைதான். பாயா தண்ணீரில் வேகிறது, இது புகையில் வேகிறது.

வயர்லெஸ் தெர்மாமீட்டர் என்பது பென்சில் நீளத்தில் ஒரு உலோக முள். நுனி இறைச்சிக்குள் இருக்கும். வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் வால்பக்கத்தில் இன்னொரு உணரி இருக்கும், அது அடுப்பின் வெப்பத்தை அளக்கும். இரண்டு எண்களும் ப்ளூடூத் வழியாகப் போனுக்கு வரும். 2015-இல் மீட்டர் என்ற கருவி கிக்ஸ்டார்ட்டரில் பணம் திரட்டி வந்த பிறகுதான் வயரே இல்லாத இந்த வகை பரவலானது. அதற்கு முன்னால் முள்ளிலிருந்து ஒரு வயர் வெளியே வந்து ஒரு டப்பாவில் சேரும். அந்த டப்பாதான் ரேடியோவில் பேசும்.

முதல் தப்பு: 95

அமெரிக்க பார்பிக்யூ புத்தகங்களில் ஒரு மந்திர எண் உண்டு: 203 ஃபாரன்ஹீட். பன்றித் தோள் துண்டோ, மாட்டின் நெஞ்சுத் துண்டோ, உள்ளே இந்த அளவைத் தொட்டால் தயார். நம் கணக்கில் 95 டிகிரி. என் ஆப்பும் "புல்டு போர்க்" என்று தேர்ந்தெடுத்தால் தானாக 95-ஐ இலக்காக வைத்துக்கொள்ளும்.

மூன்று கிலோ பன்றித் தோளை வைத்தேன். காலை ஆறு மணிக்கு ஆரம்பம். மதியம் 68-இல் நின்றது, பிறகு ஏறியது. மாலை 90. அப்புறம் 91, 92. ஆப் "இன்னும் 20 நிமிஷம்" என்றது. இருபது நிமிஷம் கழித்து "இன்னும் 50 நிமிஷம்" என்றது. எட்டு மணிக்கு 93. ஒன்பதரைக்கும் 93. விருந்துக்கு வந்தவர்கள் ரசம் சாதம் சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். பத்தரை மணிக்கு வெறுத்துப்போய் எடுத்துப் பார்த்தால், வெளிப்பக்கம் தேங்காய் நார், உள்ளே பஞ்சு.

காரணம் பள்ளிக்கூடத்துப் பாடம்தான். தண்ணீர் 100 டிகிரியில் கொதிப்பது கடல் மட்டத்தில். உயரம் ஏற ஏறக் காற்றழுத்தம் குறையும், கொதிநிலையும் குறையும். தோராயமாக ஒவ்வொரு 300 மீட்டருக்கும் ஒரு டிகிரி. குன்னூர் சுமார் 1,850 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இங்கே தண்ணீர் 94 டிகிரிக்குச் சற்றுக் கீழேயே கொதித்துவிடும். 2,240 மீட்டரில் இருக்கும் ஊட்டியில் 92.5. மலை ரயில் கிளம்புகிற மேட்டுப்பாளையத்தில் கிட்டத்தட்ட 99. 46 கிலோமீட்டர் ரயில் பாதை முடிவதற்குள் கொதிநிலை ஆறு டிகிரிக்கு மேல் இறங்கிவிடுகிறது.

இறைச்சியில் பெரும்பகுதி தண்ணீர்தான். ஈரம் இருக்கிறவரை அதன் உட்பகுதி அந்த ஊரின் கொதிநிலையைத் தாண்டிப் போகாது. ஆகவே என் வீட்டுப் பின்புறத்தில், ஈரமான இறைச்சிக்குள், 95 டிகிரி என்கிற ஒன்று கிடையாது. அதை எட்ட வேண்டுமென்றால் இறைச்சி முதலில் காய்ந்தாக வேண்டும். நான் காத்திருந்த அந்த மூன்று மணி நேரமும் அது சொன்னபடி காய்ந்துகொண்டுதான் இருந்தது.

கருவி சரியான எண்ணைத்தான் காட்டியது. இலக்கு எண்தான் வேறு ஊருடையது. இலக்கை வைத்த ஆப்புக்கு நான் எங்கே இருக்கிறேன் என்று தெரியாது என்றும் சொல்ல முடியாது. ப்ளூடூத்துக்காக என் போனின் இருப்பிட அனுமதியை முதல் நாளே கேட்டு வாங்கிக்கொண்டது.

இரண்டாவது தப்பு: திருத்தினேன்

மறுநாள் ஒரு இன்ஜினியர் செய்வதைச் செய்தேன். கருவியைச் சோதித்தேன். கொதிக்கிற தண்ணீரில் முள்ளை விட்டேன்; 94 காட்டியது. "பார்த்தாயா, ஆறு டிகிரி குறைவாகக் காட்டுகிறது" என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். காற்றழுத்த விஷயம் தெரியாமல் இல்லை. பரீட்சையில் கேட்டிருந்தால் எழுதியிருப்பேன். ஆனால் ஆப்பில் "கொதிநீரில் சரிபார்க்கவும்" என்று ஒரு திரை இருந்தது; அங்கே ஏற்கெனவே 100 என்று எழுதியிருந்தது. திரையில் ஒரு எண் எழுதியிருந்தால் அதை நம்புவது என்பது எங்கள் தொழில் வியாதி. கூட்டல் 6 என்று ஆஃப்செட் கொடுத்துவிட்டேன்.

இதில் வேடிக்கை என்னவென்றால், அடுத்த பன்றித் தோள் அருமையாக வந்தது. ஆப் 95 காட்டியபோது உண்மையில் 89. கொலாஜன் இளகுவதற்கு ஒரு குறிப்பிட்ட எண்ணைத் தொட வேண்டும் என்று அவசியமில்லை. 70-க்கு மேலேயே ஆரம்பித்துவிடும், மீதி நேரம் பார்த்துக்கொள்ளும். 89-இல் கொஞ்சம் கூடுதல் நேரம் நின்றால் போதும். என் தப்பான திருத்தம் தப்பான இலக்கைத் தற்செயலாக ரத்து செய்துவிட்டது. மென்பொருள் ஆட்களுக்கு இந்த நிலைமை நன்றாகத் தெரியும்: இரண்டு பக் சேர்ந்து டெஸ்ட் பாஸ் ஆகிவிடும். அதைவிட ஆபத்தான டெஸ்ட் கிடையாது.

அடுத்த ஞாயிறு கோழி வைத்தேன். கோழிக்கு அமெரிக்க வேளாண் துறை சொல்கிற பாதுகாப்பான அளவு 74 டிகிரி. சால்மொனெல்லா மாதிரியான கிருமிகள் அந்த வெப்பத்தில் உடனே செத்துவிடும். ஆப் 74 என்றது, எடுத்தேன், வெட்டினேன். தொடை மூட்டில் சிவப்பாக நீர் கசிந்தது. சிவப்பு மட்டுமே வேகாததற்கு அத்தாட்சி இல்லை. புகையில் வெந்த கோழியும் சிவந்திருக்கும். ஆனால் மூட்டில் சதை எலும்பை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தது. என் மகள் தட்டை நகர்த்தி வைத்துவிட்டு, "அப்பா, இது வேகல" என்றாள். "வெந்துடுச்சும்மா, 74 காட்டுது" என்று போனைத் திருப்பிக் காட்டினேன். இப்போது நினைத்தாலும் கூசுகிற இடம் அது. கண்ணெதிரே வேகாத கோழி. நான் சாட்சிக்குப் போனை அழைக்கிறேன்.

அன்று இரவு ஐஸ் கட்டிகளை நொறுக்கி, கொஞ்சம் தண்ணீர் விட்டுக் கலக்கி, முள்ளை வைத்தேன். உருகுகிற ஐஸ் மெரினாவிலும் தொட்டபெட்டாவிலும் பூஜ்யம்தான். காற்றழுத்தம் அதைப் பொருட்படுத்தும்படி மாற்றாது. ஆப் 6 காட்டியது. ஆஃப்செட்டை எடுத்தேன், பூஜ்யம். கோழி எடுக்கும்போது நெஞ்சுப் பகுதியில் உண்மையில் இருந்தது 68. மூட்டில் அதைவிடக் குறைவு.

இதில் ஒரு பழைய சங்கதி இருக்கிறது. 19-ஆம் நூற்றாண்டில் மலைகளை அளக்கப் போனவர்கள் ஹிப்ஸோமீட்டர் என்ற கருவியைக் கொண்டுபோவார்கள். ஒரு சின்னக் கொதிகலமும் நுட்பமான வெப்பமானியும்தான் அது. தண்ணீர் எத்தனை டிகிரியில் கொதிக்கிறது என்று பார்த்து அந்த இடத்தின் உயரத்தைக் கணக்குப் போடுவார்கள். அதாவது கொதிநீரில் முள்ளை வைத்தபோது என் கருவி எனக்கு குன்னூரின் உயரத்தைச் சொன்னது. கிட்டத்தட்டச் சரியாகவும் சொன்னது. நான் அதைப் பிழை என்று திருத்திவிட்டேன்.

ஒத்த பல்ப்

எங்கள் தெருவில் ஒரு அண்ணன் இருக்கிறார். தேயிலை ஃபேக்டரியில் டீ மேக்கராக இருந்து ஓய்வு பெற்றவர். ஸ்மோக்கர் வந்த புதிதில் எட்டிப் பார்த்தார். போனில் எண்கள் ஓடுவதைக் காட்டினேன்.

"நல்லா இருக்கு தம்பி. ஆனா ஒத்த பல்ப் வச்சு என்ன பண்ணுவீங்க? ஈர பல்ப் எங்க?"

சிரித்துவிட்டு விட்டுவிட்டேன். அவர் சொன்னது புரிய ஒரு வருஷம் ஆனது.

தேயிலை ஃபேக்டரியில் இலை வாட்டும் இடத்தில் இரண்டு வெப்பமானிகள் ஜோடியாகத் தொங்கும். ஒன்று சாதாரணமானது. இன்னொன்றின் குமிழில் ஈரத்துணி சுற்றியிருக்கும். ஈரம் ஆவியாகும்போது குளிரும் என்பதால் ஈர பல்ப் குறைவாகக் காட்டும். காற்று எவ்வளவு வறண்டிருக்கிறதோ, இரண்டுக்கும் நடுவே அவ்வளவு இடைவெளி. டீ மேக்கர் பார்ப்பது அந்த இடைவெளியைத்தான். இலையை வாட்டும்போது இடைவெளி அதிகம் வேண்டும். மழைக்காலத்தில் அது சுருங்கிப்போனால் சூடான காற்றைக் கலந்து விரிப்பார்கள். அடுத்த அறையில், இலை நிறம் மாறிப் புளிக்கும் இடத்தில், நேர்மாறு: அங்கே ஈரம் வேண்டும், இடைவெளி மிகக் குறைவாக இருக்க வேண்டும். டிரையரிலும் இப்படித்தான்; உள்ளே போகிற காற்று 100 டிகிரியை ஒட்டி இருந்தால், வெளியே வருகிற காற்று 50-ஐத் தாண்டி இருக்கிறதா என்றும் பார்ப்பார்கள். வெளிக்காற்று ரொம்பக் குளிர்ந்து வந்தால் தூள் காயாமல் வெந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். ரொம்பச் சூடாக வந்தால் மேல் தோல் காய்ந்து உள்ளே ஈரம் தங்கும். ஒரு எண்ணை மட்டும் பார்த்து யாரும் அங்கே முடிவெடுப்பதில்லை.

இப்போது என் பன்றித் தோள் மதியம் 68-இல் நின்றதே, அந்த இடத்துக்கு வருவோம். பார்பிக்யூ ஆட்கள் அதை "ஸ்டால்" என்பார்கள். அடுப்பு 110-இல் எரிகிறது, இறைச்சி மட்டும் 65-க்கும் 75-க்கும் நடுவே எங்கோ மணிக்கணக்கில் அசையாமல் நிற்கும். கொலாஜன் இளகுவதற்கு வெப்பம் செலவாகிறது என்று பல காலம் நம்பினார்கள். அமெரிக்க இயற்பியலாளர் கிரெக் பிளாண்டர் அதைச் சோதித்துப் பார்த்தார். இறைச்சியோடு நீரில் ஊறிய ஸ்பாஞ்ச் ஒன்றையும், வெறும் கொழுப்புக் கட்டி ஒன்றையும் சூடாக்கினார். கொலாஜனே இல்லாத ஸ்பாஞ்சும் நின்றது. கொழுப்பு நிற்காமல் ஏறிக்கொண்டே போனது. ஆக, காரணம் ஆவியாதல். இறைச்சி வியர்க்கிறது, வியர்வை அதைக் குளிர்விக்கிறது, அடுப்பு தருகிற வெப்பமும் வியர்வை எடுக்கிற வெப்பமும் சமமாகிறவரை எண் நகராது.

அதாவது ஸ்டாலில் இருக்கிற இறைச்சி ஒரு ஈர பல்ப். அண்ணன் கேட்ட ஈர பல்ப் என் டிரம்முக்குள்ளேயே மூன்று கிலோ எடையில் இருந்திருக்கிறது. நான் அதை ஒத்த பல்பாகப் படித்துக்கொண்டிருந்தேன். இதைப் புரிந்துகொண்டால், எண் நிற்கும்போது கரியைக் கூட்டத் தோன்றாது. அவசரம் என்றால் அலுமினியத் தாளில் சுற்றலாம். வியர்ப்பது நின்றால் ஏற ஆரம்பித்துவிடும். அவசரம் இல்லையென்றால் விட்டுவிடலாம். மேல் தோல் காய்ந்து நன்றாகப் பொருக்குப் பிடிக்கும்.

இந்த இடத்தில் ஆப்பின் "மீதி நேரம்" எவ்வளவு வெறுமையானது என்றும் தெரியும். ஏறுகிற வேகத்தை வைத்து மீதியைக் கணிப்பது, வேகமே பூஜ்யமாகிற இடத்தில் என்ன சொல்லும்? என்னுடையது இரண்டு மணி நேரம் என்றது, ஐந்து என்றது, பிறகு எதுவும் சொல்லாமல் ஒரு வட்டத்தைச் சுழலவிட்டது. அந்த வட்டம்தான் அன்றைக்கு அது சொன்னதிலேயே நேர்மையான பதில்.

வால்பக்க உணரியையும் இதே கண்ணோடு பார்க்க வேண்டும். அடுப்பின் வெப்பம் என்று அது சொல்வது, இறைச்சியிலிருந்து இரண்டு மூன்று விரல் தூரத்துக் காற்றின் வெப்பம். குளிர்ந்த, வியர்க்கிற ஒரு பெரிய துண்டின் பக்கத்தில் இருக்கிற காற்று எப்படி இருக்கும்? மழை நேரத்தில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து வீட்டின் வெப்பத்தைச் சொல்வது மாதிரி. கம்பித் தட்டில் தனியாக ஒரு சாதாரண வெப்பமானியை வைத்தபோது அது கணிசமாக அதிகம் காட்டியது. இரண்டும் சரிதான். எந்த இடத்தை அளக்கிறது என்பதுதான் வேறு.

மலையில் எல்லாரும் சொல்கிற ஒன்று: "மூடுபனியில ஈரம் ஜாஸ்தி, அதான் வேக மாட்டேங்குது." நானும் நம்பியிருந்தேன். கணக்குப் போட்டால் நிற்காது. 12 டிகிரி மூடுபனியில் காற்று முழு ஈரத்தோடு இருப்பது உண்மை. ஆனால் குளிர்ந்த காற்றால் கொஞ்சம் நீராவியைத்தான் சுமக்க முடியும். அதே காற்றை 110 டிகிரிக்குச் சூடாக்கினால் அதன் ஒப்பு ஈரப்பதம் ஒரு சதவீதத்தை ஒட்டி வந்துவிடும். டிரம்முக்குள் போன பனிக்காற்று பாலைவனக் காற்று. மழைக்காலத்தில் வாட்டும் காற்றைச் சூடாக்குகிற தேயிலை ஃபேக்டரிக்கு இது எப்போதோ தெரியும். மூடுபனி செய்வது வேறு: டிரம்மின் தகரத்தை வெளியிலிருந்து குளிர்விக்கிறது, மூட்டையில் இருக்கிற கரியை நமத்துப்போக வைக்கிறது. அதற்கு மேல், காற்றழுத்தம் இங்கே கடல் மட்டத்தில் இருப்பதில் எண்பது சதவீதம்தான். அதே துளை வழியாகப் போகிற ஆக்சிஜனும் குறைவு. ராமநாதபுரம் பக்கத்துச் சீமைக் கருவேலங்கரிதான் வாங்குகிறேன். அங்கே ஒரு விரல்கடை திறந்தால் போதும் என்கிற இடத்தில் இங்கே கூடுதலாகத் திறக்க வேண்டியிருக்கிறது.

மூன்றாவது தப்பு: வராண்டா

இதை எழுதத்தான் இந்தக் கட்டுரையை ஆரம்பித்தேன். ஆனால் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்திருக்கிறேன் என்று இப்போது தெரிகிறது.

வயர்லெஸ் என்பதன் கவர்ச்சியே அடுப்புப் பக்கத்தில் நிற்க வேண்டாம் என்பதுதான். மழையில் நனையாமல் கம்பளிக்குள் இருந்தபடி போனைப் பார்க்கலாம். ஆனால் முள் இருப்பது இறைச்சிக்குள். இறைச்சி என்பது பெரும்பாலும் தண்ணீர். ப்ளூடூத் பேசுகிற 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையைத் தண்ணீர் நன்றாகவே உறிஞ்சும். அதைச் சுற்றி இரும்பு டிரம், இரும்பு மூடி. அதையும் தாண்டி வருகிற அலைக்கு எதிரே பழைய குன்னூர் வீட்டின் ஈரமான கல்சுவர். பெட்டியில் எழுதியிருக்கிற தூரம் திறந்தவெளியில் அளந்தது. என் வீட்டில் நான்கு மீட்டர் தாண்டினால் அறுந்துவிடும். மூடுபனியால் சிக்னல் போகிறது என்று நினைத்தேன். இந்தத் தூரத்துக்குப் பனியெல்லாம் ஒரு பொருட்டே இல்லை. மூடிதான், சுவர்தான்.

வேறு அலைவரிசையில் பேசுகிற பழைய மாதிரிகள் தூரம் தாங்கும். அமெரிக்காவில் 915 மெகாஹெர்ட்ஸில் வருபவை உண்டு. ஆனால் இங்கே உரிமம் இல்லாமல் பயன்படுத்த அனுமதி உள்ளவை 865 மெகாஹெர்ட்ஸை ஒட்டிய ஒரு சின்னப் பட்டை, 2.4 கிகாஹெர்ட்ஸ் போன்றவைதான். 900-ஐ ஒட்டிய பகுதி செல்போன்களுடையது. வெளிநாட்டிலிருந்து யாரிடமாவது சொல்லி வாங்குகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

நான் இன்னொரு வழி கண்டுபிடித்தேன். நவம்பர் மாதம், வடகிழக்குப் பருவமழை அடித்துக்கொண்டிருந்தது. இரவு முழுக்கப் போடுகிற சமையல். சிக்னல் அறுந்துகொண்டே இருந்தது. டிரம்மை உருட்டிக்கொண்டு வந்து கண்ணாடி வராண்டாவில் வைத்தேன். ஒரு ஜன்னலைத் திறந்துவிட்டேன். அது போதும் என்று நினைத்தேன். போனில் நான்கு கோடும் வந்தது. அடுப்பு 108, இறைச்சி 61. ரொம்ப நேரம் அந்த 108 அசையவே இல்லை. எனக்குப் பெருமையாக இருந்தது. தலை லேசாக வலித்தது. திரையைப் பார்த்துக்கொண்டே இருந்ததால் என்று நினைத்தேன்.

வராண்டாவுக்கு அடுத்த அறையில் அம்மா படுத்திருந்தார். மூன்று மணிக்கு எழுந்து வாந்தி எடுத்தார். "தலை சுத்துதுடா" என்று சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் மதியச் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லையோ என்று யோசித்துக்கொண்டிருந்தேன். என் மனைவி எழுந்து வந்து, ஒரு வார்த்தை பேசாமல், எல்லாக் கதவையும் ஜன்னலையும் திறந்தாள். பிறகுதான் சொன்னாள்: "கரிய உள்ள வச்சிருக்கீங்க. உங்களுக்கு அறிவிருக்கா?" ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் வைத்தார்கள். காலையில் அம்மா தெளிந்துவிட்டார். கொஞ்சம் தாமதித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று டாக்டர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

கார்பன் மோனாக்சைடுக்கு நிறமில்லை, மணமில்லை. ரத்தத்தில் ஹீமோகுளோபின் ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கு மேல் இறுக்கமாக அதைப் பிடித்துக்கொள்ளும். கரி கனலும்போது இது வரும். காற்றைக் குறைத்தால் இன்னும் அதிகமாக வரும். ஸ்மோக்கர் என்பதே காற்றைக் குறைத்து எரிப்பதற்காகச் செய்த கருவி. அன்றைக்கு 108 அசையாமல் நின்றதற்குக் காரணம் நான் துளைகளை அவ்வளவு நேர்த்தியாக மூடியிருந்ததுதான். எண் எவ்வளவு அழகாக இருந்ததோ, அறையில் அவ்வளவு விஷம் சேர்ந்துகொண்டிருந்தது.

மலையில் இது புதிதில்லை. குளிருக்காகக் கரி அடுப்பை அறைக்குள் வைத்துக்கொண்டு தூங்கி இறந்தவர்களின் செய்தி மலை ஊர்களிலிருந்து வந்துகொண்டுதான் இருக்கிறது. 2024-இல் கொடைக்கானலில், பார்பிக்யூ சமைத்த அடுப்பைத் தங்கிய அறையிலேயே வைத்துக்கொண்டு தூங்கிய இரண்டு சுற்றுலாப் பயணிகள் இறந்துபோனார்கள். அந்தச் செய்தியைப் படித்திருந்தேன். "படிச்ச பசங்களா இருந்தும் இப்படியா" என்று சொல்லியும் இருந்தேன்.

கடைசியாக

இந்த மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரே தப்புதான். கருவி அளந்தது சரி. அளந்த எண் கையில் வந்ததும், அளக்காததை நான் பார்ப்பதை நிறுத்திவிட்டேன். முதலில் ஊரின் உயரம். பிறகு மகள் தட்டில் இருந்த கோழி. கடைசியில் வீட்டில் இருந்த காற்று. இதற்குப் பாட்டி காலத்துக் கைப்பக்குவமே மேல் என்று முடிப்பது சுலபம்; எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. அந்தத் தெருவிலேயே அனுபவம் அதிகமுள்ள மனிதர் என்னிடம் வெப்பமானியைத் தூக்கிப்போடச் சொல்லவில்லை. இன்னொன்று எங்கே என்றுதான் கேட்டார்.

கருவி செய்கிறவர்கள் மீது என் குற்றச்சாட்டு இரண்டு. உயரத்தைக் கேட்காமல் 95 என்றும் 100 என்றும் திரையில் எழுதுவது முதலாவது. போனில் உயரம் ஏற்கெனவே இருக்கிறது. சில வரி நிரலில் முடிகிற வேலை. இரண்டாவது, தூரத்தைப் பெரிய எழுத்தில் அச்சடிக்கிற பெட்டியில், கரி அடுப்பை வீட்டுக்கு நெருக்கிக் கொண்டுவராதே என்பதையும் அதே அளவு எழுத்தில் அச்சடிக்காதது. எச்சரிக்கை இருக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. கையேட்டின் கடைசிப் பக்கத்தில், லென்ஸ் வைத்துப் படிக்கிற அளவில்.

இப்போது என் ஏற்பாடு இது. டிரம் தோட்டத்தின் மூலையில், தகரக் கூரைக்குக் கீழே, நான்கு பக்கமும் திறந்து நிற்கிறது. கம்பித் தட்டில் தனி வெப்பமானி. ஆப்பில் இலக்கு வைப்பதில்லை. பன்றித் தோள் 88-ஐத் தாண்டியதும் ஒரு கம்பியால் குத்திப் பார்க்கிறேன். வெந்த கிழங்கில் இறங்குவது மாதிரி இறங்கினால் எடுத்துவிடுவேன். கோழிக்கு 74, மூட்டுப் பக்கத்திலும் குத்திப் பார்த்த பிறகு. மாதம் ஒரு முறை ஐஸ் தண்ணீரில் பூஜ்யம் காட்டுகிறதா என்று பார்க்கிறேன். சிக்னல் அறுந்தால் எழுந்து போகிறேன், நனைகிறேன். வீட்டுக்குள் கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்று மாட்டியிருக்கிறது. இதுவரை அது ஒரு முறைகூடக் கத்தவில்லை.

உங்களிடம் வெப்பமானி இருந்தால் இன்றைக்கு ஒன்று செய்து பாருங்கள். ஐஸ் தண்ணீரில் பூஜ்யம் வருகிறதா பாருங்கள். வந்தால், அதே முள்ளைக் கொதிக்கிற தண்ணீரில் வைத்து என்ன வருகிறது என்று பார்த்து, தெர்மாமீட்டர் பெட்டியின் மேலேயே பேனாவால் எழுதிவையுங்கள். என் பெட்டியில் 94 என்று எழுதியிருக்கிறது. பக்கத்தில் மகள் "குன்னூர்" என்று சேர்த்திருக்கிறாள்.